கோரிக்கை முழுவதையும் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இணையதளங்களிலிருந்து பயனர்களின் சொந்த விவரங்கள் கசிவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கம் அவ்வப்போது எழுதி வருகிறது. அத்தகைய செய்திகளில் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தவர்களைப் பற்றியே பேச்சு அதிகம். பூட்டு உடையாமலே, தளத்தை நடத்துபவர்கள் தாங்களே அழைத்து வந்து உள்ளே உட்கார வைத்த நிரல்களின் வழியாக விவரங்கள் கைமாறிப் போவதும் உண்டு. பல ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது. கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

இன்று எந்த இணையப் பயன்பாட்டையும் யாரும் முதல் வரியிலிருந்து தாமே எழுதுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று நாங்கள் சொல்லும் சட்டகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மேல் பிறர் எழுதி வைத்த மாட்யூல்கள் என்னும் ஆயத்த நிரல் துண்டுகளைப் பொருத்தி, எஞ்சியதை மட்டும் எழுதுகிறோம். உள்நுழைவைச் சரிபார்க்க ஒரு மாட்யூல், பக்கத்தை எந்த மொழியில் காட்டுவது என்று முடிவு செய்ய ஒன்று, வருகையாளர்களை எண்ண ஒன்று, பிழைகளைப் பதிவு செய்ய ஒன்று என்று அவை சேர்ந்துகொண்டே போகும். இவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தேவை இருக்கிறது. பயனரின் பிரௌசர் அனுப்பிய கோரிக்கையில் என்ன இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரிய வேண்டும். அதைச் சட்டகம் அவற்றிடம் எப்படிக் கொடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கிறது என்பதே என் கடிதத்தின் பொருள்.

கோரிக்கை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் வேண்டும் என்ற முகவரி முதலில் இருக்கும். அதன் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால், தேடிய சொல்லோ வேறு விவரங்களோ இருக்கலாம். அடுத்து ஹெடர்கள் என்னும் வரிகள் வரும்: எந்த பிரௌசர், எந்த மொழிகள் வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பவற்றை அவை சொல்லும். அந்த வரிகளுக்கு நடுவிலேயே, தளம் பிரௌசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பான குக்கியும் இருக்கும். உள்நுழைந்த பயனரைச் சர்வருக்கு அடையாளம் காட்டும் செஷன் சாவி பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கடைசியாக உடல் பகுதி. படிவத்தில் தட்டச்சு செய்த பெயர், கடவுச்சொல், அட்டை எண் ஆகியவை அதில் வரும். கோரிக்கை வந்த கணினியின் ஐ.பி. முகவரியும் சர்வருக்குத் தெரியும். மொழியைத் தேர்ந்தெடுக்கும் மாட்யூலுக்கு இவ்வளவிலும் தேவைப்படுவது ஒரே ஒரு ஹெடர் வரி. ஆனால் பெரும்பாலான சட்டகங்கள் அந்த ஒரு வரிக்காகக் கோரிக்கை முழுவதையும் அதனிடம் தூக்கிக் கொடுத்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். பயனர் ஒருவர் தம் கணக்குக்குள் நுழைந்தபோது பக்கத்தின் மேல் ஓரத்தில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் தெரிந்ததாகப் புகார் செய்தார். பக்கத்தை மீண்டும் திறந்ததும் சரியாகிவிட்டது என்றும் அவரே சொன்னார். நாங்கள் நம்பவில்லை. இரண்டாவது புகாரையும் ஏதோ பழைய பக்கம் பிரௌசரில் தங்கியிருக்கும் என்று தள்ளிவிட்டோம். மூன்றாவது புகார் வந்த பிறகுதான் சர்வரின் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அதில் ஒரே நொடிக்குள் மூன்று வரிகள் அடுத்தடுத்து இருந்தன. 318ஆவது மில்லி நொடியில் முதல் பயனரின் கோரிக்கை தொடங்குகிறது. 331இல் இரண்டாமவரின் கோரிக்கை தொடங்குகிறது. 352இல் முதல் பயனருக்கான பக்கம் தயாராகி வெளியே போகிறது. அதில் இருப்பது இரண்டாமவரின் பெயர். பெயரைக் காட்டும் வேலையைச் செய்தது நாங்கள் வெளியிலிருந்து எடுத்துப் பொருத்திய ஒரு மாட்யூல். கோரிக்கை வந்தவுடன் அது அதை ‘இப்போதைய கோரிக்கை’ என்ற ஒரே குளோபல் மாறியில், அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவான சேமிப்பிடத்தில், எழுதி வைத்துக்கொண்டது. முதல் கோரிக்கை தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்த இடைவெளியில் இரண்டாவது கோரிக்கை வந்து அதே மாறியின் மேல் தன்னை எழுதிவிட்டது. முதல் கோரிக்கை விழித்துக்கொண்டு மாறியைப் படித்தபோது அங்கே இருந்தது அடுத்தவருடைய பெயர். ஒரே ஆள் மட்டும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. எங்கள் சோதனைகள் எல்லாவற்றையும் அது தாண்டி வந்ததற்குக் காரணமும் அதுவே. அன்று காட்டியது பெயரோடு நின்றது. நிலுவைத் தொகையையோ மருத்துவக் குறிப்பையோ அதே மாட்யூல் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த மாட்யூலை எழுதியவரை அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தோம். பிறகு அவருடைய நிரலை வரி வரியாகப் படித்தபோது என் எண்ணம் மாறியது. நாங்கள் பயன்படுத்திய சட்டகம் கோரிக்கையை மாட்யூலின் வாசலில் உள்ள முதல் சார்பிடம் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியிடம்) மட்டும் கொடுத்தது. பெயரை அச்சிடும் சார்போ நான்கு அடுக்கு உள்ளே இருந்தது. அதைக் கூப்பிடுவது பக்கத்தின் அமைப்பை எழுதி வைத்த வார்ப்புரு, அந்த வார்ப்புருவின் வழியாகக் கோரிக்கையை உள்ளே அனுப்பச் சட்டகத்தில் வழியே இல்லை. அவர் என்ன செய்வார்? முறையான வாசல் வைக்காத வீட்டில் சுவர் ஏறித்தான் குதிப்பார்கள். ஆகவே, மாட்யூல்களுக்குக் கோரிக்கைத் தரவைக் கொடுக்கவே கூடாது என்பது என் வாதம் அல்ல. கொடுக்க மறுத்தாலும் ஆபத்து உண்டு என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கொடுக்கும் முறை ஒவ்வொரு சட்டகத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஜாங்கோ என்னும் பைத்தான் மொழிச் சட்டகம் பக்கத்தை உருவாக்கும் ஒவ்வொரு சார்புக்கும் கோரிக்கையை முதல் உள்ளீடாகக் கையில் கொடுக்கிறது. அதே மொழியில் 2010இல் வெளிவந்த ஃபிளாஸ்க் சட்டகம், எங்கிருந்து வேண்டுமானாலும் எட்டிப் படிக்கக்கூடிய குளோபல் பெயர் போன்ற ஒன்றைத் தருகிறது. அந்தப் பெயர் ஒன்றே ஆனாலும், அதைப் படிக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதனதன் தரவையே அது காட்டும். எங்கள் மாட்யூல் செய்யத் தவறியது இதைத்தான். ஒரு கோரிக்கைக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) என்று இருந்த காலத்தில் த்ரெட்டுக்கென்று தனி இடம் ஒதுக்கினாலே இதற்குப் போதும். ஒரே த்ரெட்டில் பல கோரிக்கைகள் மாறி மாறி ஓடும் முறை பரவிய பிறகு அது போதவில்லை. மொழிகளும் அவற்றை இயக்கும் தளங்களுமே இதற்கென்று கருவி தர வேண்டியதாயிற்று: பைத்தானின் 3.7 பதிப்பில் 2018இலும், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் இயக்கும் நோட்.ஜே.எஸ்ஸில் 2020இலும் அப்படிப்பட்ட வசதி வந்தது. இந்தக் கருவிகள் வந்து ஆண்டுகள் பல ஆகியும், குளோபல் மாறியில் கோரிக்கையைப் போட்டு வைக்கும் மாட்யூல்களை நான் இன்றும் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இது கலந்து போவதால் வரும் கேடு. அள்ளிக் கொடுப்பதால் வரும் கேடு இதைவிடப் பெரியது, இதைவிடப் பழையது.

இணையத்தின் தொடக்க நாள்களில் சி.ஜி.ஐ. என்னும் முறையில் சர்வர் நிரல்கள் இயங்கின. அதில் வெளியிலிருந்து வரும் ஏறக்குறைய ஒவ்வொரு ஹெடரும், ‘எச்.டி.டி.பி.’ என்ற முன்னொட்டுடன், சூழல் மாறியாக (நிரல் தொடங்கும்போது அதனிடம் ஒப்படைக்கப்படும், பெயரிட்ட மதிப்பாக) மாற்றப்பட்டு வைக்கப்படும். அந்த நிரலும், அது கூப்பிடும் மாட்யூல்களும், அது தொடங்கி வைக்கும் வேறு நிரல்களும் அவற்றைப் படிக்கலாம். யாருக்கு எது தேவை என்ற கேள்வியே அங்கே கிடையாது. வெகு வசதியான ஏற்பாடு என்று எல்லோரும் எண்ணினார்கள். 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வெளியே தெரிந்தபோதுதான் அந்த வசதியின் விலை புரிந்தது. சூழல் மாறிகளில் சார்புகளை எழுதி வைத்தால் அவற்றைப் படித்து இயக்கும் பழக்கம் கட்டளைகளைப் படித்து இயக்கும் பாஷ் என்னும் நிரலுக்கு 1989 முதலே இருந்தது. சார்பு முடிந்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டளைகளையும் அது சேர்த்து இயக்கிவிட்டது. யாரோ ஒருவர் தம் பிரௌசரின் பெயரைச் சொல்லும் ஹெடரில் கட்டளை ஒன்றை எழுதி அனுப்பினால், பாஷை எங்கோ கூப்பிடும் சி.ஜி.ஐ. சர்வரில் அந்தக் கட்டளை இயங்கும். பிரௌசரின் பெயர் பாஷுக்கு எதற்கு? எதற்கும் இல்லை. பொது இடத்தில் கிடந்ததால் அதன் கைக்குப் போயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், எச்.டி.டி.பாக்ஸி என்று பெயரிடப்பட்ட இன்னொரு ஓட்டை வெளியாயிற்று. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வெளியூர்ச் சர்வர்களுக்குக் கோரிக்கை அனுப்பும் மாட்யூல்கள், எந்த ப்ராக்ஸி (இடையில் நின்று கைமாற்றும் கணினி) வழியாக அனுப்புவது என்பதை ஒரு சூழல் மாறியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நெடுநாள் வழக்கம். அந்த மாறியின் பெயர் ‘எச்.டி.டி.பி. ப்ராக்ஸி’. சர்வரை நிர்வகிப்பவர்தான் அதில் எழுதுவார் என்பது அந்த மாட்யூல்களின் நம்பிக்கை. இப்போது யாரோ ஒருவர் ‘ப்ராக்ஸி’ என்ற பெயரில் ஒரு ஹெடரைச் சேர்த்துக் கோரிக்கை அனுப்புகிறார். சி.ஜி.ஐ. முறைப்படி அதன் முன்னால் ‘எச்.டி.டி.பி.’ ஒட்டப்படுகிறது. கிடைப்பது அதே ‘எச்.டி.டி.பி. ப்ராக்ஸி’. அவ்வளவுதான், சர்வர் அந்தக் கோரிக்கைக்காக வேறு சர்வர்களுடன் நடத்தும் மறையாக்கம் செய்யப்படாத உரையாடல்கள், முன்பின் தெரியாத அந்த ஆள் குறித்துக் கொடுத்த கணினியின் வழியாகப் போகத் தொடங்கும். சி.ஜி.ஐ. தன் விதிப்படியே நடந்தது. வெளிக்கோரிக்கை மாட்யூலும் தன் விதிப்படியே நடந்தது. கோரிக்கைத் தரவையும் நிர்வாகியின் அமைப்புகளையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்ததுதான் குற்றம். இந்த மோதலை 2001இலேயே பெர்ல் மொழியின் ஒரு லைப்ரரியில் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார்கள். அந்த ஒரு லைப்ரரியைத் திருத்தினார்கள். கொடுக்கும் முறையை யாரும் தொடவில்லை. ஆகவே பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பி.எச்.பி., பைத்தான், கோ ஆகிய மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களிலும் அது மீண்டும் முளைத்தது.

பி.எச்.பி. மொழி இதே பாடத்தைத் தன் சொந்த அனுபவத்தில் கற்றது. முகவரியின் வாலில் வரும் ஒவ்வொரு பெயரும் நிரலுக்குள் நேராக ஒரு குளோபல் மாறியாக முளைக்கும் வசதி அதில் இருந்தது. பயனர் நிர்வாகியா என்று பார்க்கும் மாறிக்கு நிரலாளர் தொடக்க மதிப்புக் கொடுக்க மறந்திருந்தால், முகவரியில் அந்தப் பெயரை எழுதிய எவரும் நிர்வாகி ஆகிவிடலாம். 2002இல் வந்த 4.2 பதிப்பில் அந்த வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டது. 2012இல் வந்த 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. இடையில் பத்து ஆண்டுகள். பழைய மாட்யூல்கள் உடைந்துவிடும் என்ற அச்சம் ஒரு தவறான கதவை எவ்வளவு காலம் திறந்து வைக்கும் என்பதற்கு அந்தப் பத்து ஆண்டுகளே கணக்கு.

2021 டிசம்பரில் உலகத்தின் தூக்கத்தைக் கெடுத்த லாக்4ஷெல் ஓட்டையைத் தங்கள் வாசகர்களில் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். லாக்4ஜே என்னும் பதிவு மாட்யூல் எண்ணற்ற ஜாவா நிரல்களில் இருந்தது. தன்னிடம் வரும் வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி எழுதியிருந்தால், அந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதைக் கொண்டுவரும் வசதி 2013 முதல் அதற்குள் இருந்தது. பிரௌசர் பெயர் ஹெடரை அப்படியே பதிவேட்டில் எழுதும் சர்வர்களுக்கு அந்த ஹெடரில் அந்த வடிவத்தை எழுதி அனுப்பினாலே போதும். தாக்குபவரின் நிரல் சர்வருக்குள் இயங்கும். ஆபத்தின் அளவுகோலில் அதற்கு 10க்கு 10 மதிப்பெண் கொடுத்தார்கள். ஓட்டை லாக்4ஜேயில் இருந்தது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெளியார் எழுதி அனுப்பிய எழுத்துகள் வெறும் தரவாக மட்டுமே கையாளப்பட வேண்டும் என்ற குறிப்புடன் பதிவு மாட்யூலிடம் போய்ச் சேரவில்லை. நிரலாளர் தாமே எழுதிய வரியும் முன்பின் தெரியாதவர் அனுப்பிய வரியும் ஒன்றாகக் கலந்து, ஒரே எழுத்துத் தொடராக அதன் கையில் விழுந்தன. இதில் சட்டகங்களுக்கும் பங்கு உண்டு என்பதே என் துணிபு.

தாக்குபவர் எவரும் இல்லாமலே நடந்ததும் ஒன்று உண்டு. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. கடவுச்சொற்களை உருமாற்றிச் சேமிக்கும் வேலை முடிவதற்கு முன்பே, ஒரு பிழையால், அவை உள்ளபடியே ஓர் உள்பதிவேட்டில் எழுதப்பட்டு வந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது. படிவத்தில் வந்த கடவுச்சொல் பதிவேட்டை எட்டும் வழி ஒன்று திறந்திருந்தால், அது என்றாவது ஒருநாள் அங்கே போய்ச் சேரும்.

சிறிய தொல்லைகளும் உண்டு. கோரிக்கையின் உடல் பகுதி ஓடி வரும் நீர் போன்றது. பல சட்டகங்களில் அதை ஒருமுறைதான் படிக்க முடியும். ஒரு மாட்யூல் ஆர்வத்தில் முதலில் படித்துவிட்டால் அடுத்ததற்கு வெறும் தொட்டிதான் மிஞ்சும். பணம் செலுத்தப்பட்டதை அறிவிக்கும் செய்திகளில் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க, வந்த பைட்டுகள் ஒன்றுகூட மாறாமல் வேண்டும். முன்னால் நிற்கும் மாட்யூல் அதைப் பிரித்துப் பொருளாக்கிக் கொடுத்துவிட்டால் கையொப்பம் பொருந்தாது. உண்மையான செய்தியைப் பொய் என்று தள்ளிவிட்டு, காரணம் தெரியாமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அதேபோல, இடையில் ப்ராக்ஸிகள் இருக்கும்போது பயனரின் உண்மையான ஐ.பி. முகவரி எது என்பதை ஒவ்வொரு மாட்யூலும் தன் விருப்பப்படி ஹெடரைப் படித்து முடிவு செய்கிறது. அந்த ஹெடரைப் பயனரே பொய்யாக எழுதி அனுப்பலாம். எந்த ப்ராக்ஸியை நம்புவது என்பது தளத்தை நடத்துபவருக்குத்தான் தெரியும். அதைச் சட்டகம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிவை எல்லா மாட்யூல்களுக்கும் ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும்.

இனி, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். மாட்யூல் தனக்கு எது தேவை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மொழி ஹெடர் மட்டும் வேண்டும், பக்கத்தின் பாதை மட்டும் வேண்டும், உள்நுழைந்தவரின் எண் வேண்டும் என்று அது பெயர் சொல்லிக் கேட்கட்டும். சட்டகம் அவற்றை மட்டும் எடுத்து, திருத்த முடியாத ஒரு சிறு பொருளாகக் கொடுக்கட்டும். குக்கி, அடையாளம் காட்டும் டோக்கன், உடல் பகுதி ஆகியவை கேட்டாலொழியக் கிடைக்கக் கூடாது. கேட்டாலும், தளத்தை நடத்துபவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கிடைக்க வேண்டும். எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் அந்தப் பொருளை எட்டுவதற்கு முறையான வழியைச் சட்டகமே தர வேண்டும். கோரிக்கை முடிந்ததும் அந்த வழி மூடிவிட வேண்டும். பின்னணியில் தொடர வேண்டிய வேலைக்கு, தேவையான மதிப்புகளைப் பெயர் குறித்துப் பிரதி எடுத்துக்கொள்ளட்டும்.

கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பழகிய ஏற்பாடு. கேமரா வேண்டும், தொடர்பு எண்கள் வேண்டும் என்று செயலி கேட்கிறது. நாம் பார்த்து அனுமதிக்கிறோம். 2015இல் ஆண்ட்ராய்டின் 6.0 பதிப்பு வரும்வரை நிறுவும்போதே எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். அதன் பிறகே, தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. பிரௌசர் நீட்சிகளும் தங்களுக்கு வேண்டிய அனுமதிகளை முன்னதாகவே பட்டியலிட்டுத்தான் வருகின்றன. சர்வருக்குள் ஓடும் மாட்யூல் தொடுவது நம் ஒருவருடைய கைப்பேசியை மட்டும் அல்ல, அந்தத் தளத்துக்கு வரும் அத்தனை பேருடைய கோரிக்கைகளையும். அதனிடம் நாம் கேட்கும் கேள்வி மட்டும் ஏன் குறைவாக இருக்க வேண்டும்?

நான் சொல்லும் ஏற்பாட்டின் துண்டுகள் ஏற்கெனவே அங்கங்கே இருக்கின்றன. 2015இல் பி.எச்.பி. சட்டகங்கள் கூடி ஏற்றுக்கொண்ட பொது வரையறை ஒன்றில் கோரிக்கைப் பொருளை யாரும் அதன் இடத்திலேயே திருத்த முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் புதிய பிரதிதான் கிடைக்கும். 2016இல் கோ மொழியின் 1.7 பதிப்பு கோரிக்கையுடன் கூடவே போகும் ஒரு சூழல் பொருளைத் தந்தது. அதில் ஒவ்வொரு மாட்யூலும் தனக்கே உரிய வகையில் சாவியை அமைத்துக்கொண்டால் ஒன்று எழுதியதை மற்றொன்று தவறுதலாக அழித்துவிட முடியாது. கோரிக்கை ரத்தானால் அந்தச் செய்தியும் அதன் வழியாகவே எல்லோருக்கும் எட்டும். நோட்.ஜே.எஸ்ஸுக்கான எக்ஸ்பிரஸ் போன்ற சட்டகங்களில், கோரிக்கைப் பொருளின் மேலேயே மாட்யூல்கள் தம் விருப்பம்போல் பெயர்களை ஒட்டிக்கொண்டு போகும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே இரண்டு மாட்யூல்கள் ‘பயனர்’ என்ற ஒரே பெயரில் எழுதினால் பின்னால் வந்தது வெல்லும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். மாட்யூல்கள் தேவையை அறிவித்துப் பெறும் பகுதி மட்டும் இன்னும் பெரும்பாலான சட்டகங்களில் பொது வழக்காகவில்லை.

இதற்கு எதிராகச் சக நிரலாளர்கள் இரண்டு தடைகளைச் சொல்கிறார்கள். முதலாவது, வேலை கூடும் என்பது. கூடும், மறுக்கவில்லை. ஆனால் மாட்யூலை எழுதுபவர் ஒருமுறை எழுதும் நான்கு வரிகள், அதைப் பொருத்தும் ஒவ்வொருவரும் அதன் உள்நிரலைப் படித்துத் தேட வேண்டிய வேலையை மிச்சப்படுத்துகின்றன. இரண்டாவது தடை கனமானது. ஒரே நினைவகத்தில் ஓடும் மாட்யூல், மனம் வைத்தால், சட்டகம் கொடுக்காததையும் துழாவி எடுத்துக்கொள்ள முடியுமே, பிறகு இந்த வேலிக்கு என்ன பொருள் என்று கேட்கிறார்கள். உண்மைதான். திருட வேண்டும் என்றே எழுதப்பட்ட மாட்யூலை இந்த ஏற்பாடு தடுக்காது. அதற்கு வேறு காவல் வேண்டும். ஆனால் நான் மேலே எழுதியவற்றில் எந்த மாட்யூலும் திருடும் நோக்கத்துடன் எழுதப்பட்டது இல்லை. எல்லாம் நல்லவர்கள் எழுதியவை. தேவைக்கு மேல் கிடைத்ததாலோ, முறையான வழி இல்லாததாலோ கைதவறிப் போனவை. அந்தக் கைதவறுதலைத் தடுத்தாலே கேட்டில் பெரும்பகுதி குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்பிக்கைக்குக் காரணம் என் சொந்த அனுபவம். பெயர் மாறிய அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, எங்கள் குழுவில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் கோரிக்கைக்குப் பதிலாக ஒரு மெல்லிய உறையைக் கொடுத்தோம். மாட்யூல் எதைத் தொடுகிறதோ அதை உறை குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் அப்படியே ஓட விட்டுக் குறிப்பைப் பார்த்தோம். பெரும்பாலான மாட்யூல்கள் பாதையையும் ஓரிரு ஹெடர்களையும் தவிர வேறு எதையும் தொடவில்லை. அவற்றுக்கு உறையை அந்த அளவுக்குச் சுருக்கியதில் ஒன்றும் உடையவில்லை. வருகையாளர்களை எண்ணும் மாட்யூல் மட்டும் முகவரியை வால் பகுதியோடு முழுதாகப் படித்துக்கொண்டிருந்தது. அது வெளியே அனுப்பும் தரவைத் திரையில் விரித்துப் பார்த்தபோது, கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு நாங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்பு அங்கே இருந்தது. முகவரியின் வாலில் நீண்ட டோக்கன், ஓர் எழுத்து குறையாமல். அந்த டோக்கன் காலாவதி ஆவதற்குள் அதை யார் பயன்படுத்தினாலும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். எத்தனை மாதங்களாக அவை வேறு ஒருவருடைய சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன என்பதை எங்களால் கணக்கிடவே முடியவில்லை. அந்த மாட்யூலின் விளக்கக் குறிப்பில் ‘பக்க முகவரி சேகரிக்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துத்தான் நாங்கள் பொருத்தியிருந்தோம். முகவரிக்கு வால் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. அன்றிலிருந்து அதற்குப் பாதை மட்டும்தான் போகிறது. வருகையாளர் எண்ணிக்கை முன்போலவே சரியாக வருகிறது.

சட்டகங்களைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து உழைப்பவர்கள் என்பதை அறிவேன். அவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள், அடுத்த பெரிய பதிப்பில் தேவையை அறிவித்துப் பெறும் வழியை ஒரு விருப்பத் தேர்வாகவாவது சேருங்கள் என்பதே. பழைய மாட்யூல்கள் பழைய வழியிலேயே ஓடட்டும். புதியவை புதிய வழியில் வரட்டும். தளங்களை நடத்துபவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் செய்த உறையை எழுத ஒருவருக்கு இரண்டு நாள் கூட ஆகவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விவரக் கசிவைப் பற்றி அடுத்த முறை தங்கள் செய்தியாளர் எழுத நேரும்போது, எப்படி உள்ளே நுழைந்தார்கள் என்ற கேள்வியுடன், அந்த விவரம் அந்த மாட்யூலின் கைக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது என்ற கேள்வியையும் தளத்தை நடத்துபவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
நிரலாளன் ஒருவன்